சுவர் இருந்தால்தான் சித்திரம்!



"எண்ணெய், எரிவாயு எல்லாம் எங்கேயோ கடலோரம் நடக்கிற சமாச்சாரம், ஓசூர் சிப்காட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. சம்பந்தம் இருக்கிறது! கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டு செல்லும் கெயில் குழாய், நம் கிருஷ்ணகிரி உட்படத் தமிழகத்தின் 7 மாவட்டங்கள் வழியாகத் திட்டமிடப்பட்டது. விளைநிலத்தில் குழாய் வேண்டாம் என்று விவசாயிகள் போராடினார்கள். 2013-ல் தமிழக அரசும் நெடுஞ்சாலை ஓரமாக மாற்றச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆக, இது நம்ம ஊர்ப் பிரச்சினை!

இந்தத் துறையில் செலவைக் குறைக்கும் மந்திரக்கோல் இன்று கணினிதான். 'ஸ்காடா' முறையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கலாம். வால்வை அங்கிருந்தே மூடலாம். 'இன்டெலிஜென்ட் பிக்' என்ற கருவி குழாய்க்குள்ளேயே ஓடி, சுவர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று காந்தப் புலத்தால் கண்டுபிடிக்கிறது. மெலிந்த இடத்தை மட்டும் தோண்டிச் சரிசெய்தால் போதும். மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல! இதை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரம் கலந்த வாயு ஓடி, உள்சுவரை அரித்துவிட்டது. ஈரத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டைச் செய்யாமல் மிச்சம் பிடித்த பணம் எத்தனை உயிருக்கு ஈடாகும்?

அலாரம் அடிப்பது கம்ப்யூட்டர். ஸ்பேனர் பிடிப்பது மனிதன். காலிபரேட் செய்யாத சென்சார் பொய்தான் சொல்லும். எனவே, "கம்ப்யூட்டர் வந்தாச்சு, ஆளைக் குறை" என்று மெயின்டனன்ஸ் ஆள் மீதும், குழாய் வழியே நடந்து பார்ப்பவர் மீதும் கை வைக்கக் கூடாது. மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு பராமரிப்புக்கே போக வேண்டும். நிலத்தைக் கொடுக்கும் விவசாயிக்கு அதுதான் நியாயம்.

நண்பர்களே! மெக்கானிக்கல் படிப்பவர் புரோகிராமும், கம்ப்யூட்டர் படிப்பவர் வால்வும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் தெரிந்த டிப்ளமோக்காரனைச் 'செலவு' என்று எந்த முதலாளியும் கணக்கெழுத முடியாது!