பணம் கட்டியவனுக்கே பூட்டா?

திருட்டு வீடியோவைத் தடுக்கப் பூட்டுப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஒரு படத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேரின் உழைப்பு இருக்கிறது. என் புகார் வேறு. அந்தப் பூட்டு திருடனை விட்டுவிட்டு, மாதாமாதம் சந்தா கட்டுகிற நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

நம் விக்கிரமங்கலம் பக்கமும் 4கே டிவி வந்துவிட்டது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள். கூடவே ஓ.டி.டி. பார்க்க ஒரு சின்னப் பெட்டி. கொஞ்ச நாள் நன்றாக ஓடும். ஒருநாள் படம் போட்டால் திரை கறுப்பாக நிற்கும். அல்லது ‘எச்.டி.சி.பி.’ என்று இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வரும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. பார்க்க வந்த மெக்கானிக், “சார், போர்டு போயிருக்கும், மாத்திடலாம்” என்றார். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிவியின் பின்னால் ஒயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகியதும் படம் வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக, படம் போவதற்கு முன் ஒரு விசாரணை நடக்கிறது. ‘நீ டிவிதானா, நகல் எடுக்கிற கருவியா?’ என்று பெட்டி கேட்கும். டிவி தன்னிடமுள்ள ரகசியச் சாவியைக் கொண்டு பதில் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டை உருவாக்கியது இன்டெல் நிறுவனம். 2010-இல் இதன் மூலச் சாவியே இணையத்தில் வெளியாகிவிட்டது. இன்டெலும் அதை ஒப்புக்கொண்டது. 2013-இல் 2.2 என்ற கடுமையான பூட்டு வந்தது. 4கே படத்துக்குப் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆரம்ப காலத்து 4கே டிவிகள் சிலவற்றில் இது கிடையாது. சிலவற்றில் ஒரே ஒரு துளையில் மட்டும் உண்டு. நடுவில் பழைய சவுண்ட்பார் ஒன்று இருந்தாலே விசாரணை தோற்றுவிடும்.

ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இவற்றைச் செய்து பாருங்கள். டிவி, பெட்டி இரண்டையும் சுவர் பிளக்கிலிருந்தே கழற்றி, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒயரை இரு முனையிலும் அழுத்திச் செருகுங்கள். துளையை மாற்றுங்கள், ‘2.2’ என்று எழுதிய துளை இருந்தால் அதில் போடுங்கள். சவுண்ட்பாரை விலக்கிவிட்டு நேராக டிவியில் இணையுங்கள். டிவிக்குள்ளேயே அந்த ஆப் இருந்தால் அதில் பாருங்கள். அங்கே இந்த ஒயர் வேலையே இல்லை. எதுவும் பலிக்காவிட்டால் பெட்டியின் செட்டிங்கில் 4கே-யை 1080-க்குக் குறையுங்கள். விலை உயர்ந்த ஒயர் வாங்கச் சொன்னால் உடனே நம்பாதீர்கள். ஒயர் பழுதாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் 2.2 என்பது கருவிக்குள் இருப்பது, ஒயரில் இல்லை.

இனி என் கேள்வி. நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க உச்சத் திட்டம் எடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் விலையைக் குறைத்த பிறகும் அது மாதம் 649 ரூபாய். இவ்வளவு கொடுப்பவர் கறுப்புத் திரையைப் பார்க்கிறார். புதுப்படத்தின் திருட்டுப் பிரதியோ பல சமயம் வெளியான அன்றே சுற்றுக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பவனை எந்த ஒயரும் விசாரிப்பதில்லை. திருடனைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமலும் இல்லை. பூட்டை உடைத்துக் காப்புரிமையை மீறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2012-லேயே காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்தாயிற்று. தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று 2023-இல் சட்டம் வந்தது. தண்டனை அங்கே போகட்டும், நம் கூடத்துக்கு வேண்டாம்.

நான் கேட்பது மூன்றுதான். எந்தத் துளையில் 4கே வரும் என்று டிவி அட்டைப்பெட்டியில் தமிழில் எழுதுங்கள். தவறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று திரையில் தமிழில் சொல்லுங்கள். விசாரணை தோற்றால் கறுப்புத் திரை காட்டாமல் சாதாரணத் தரத்திலாவது படத்தை ஓட்டுங்கள். சில கருவிகள் இப்போதே அப்படிச் செய்கின்றன, எல்லாமே செய்யலாம்.

வாங்கும் பொருளின் தரத்தை அறிவது நுகர்வோரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் கை விரித்தால் 1915 என்ற எண்ணுக்குத் தமிழிலேயே பேசிப் புகார் கொடுக்கலாம். அதற்கு பில் வேண்டும். பிள்ளை வாங்கித் தந்த டிவியானாலும் பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.