பக்கிங்காம் கால்வாயின் பூட்டுக் கதவுகள்: பராமரிப்பு யார் பொறுப்பு?

பொம்மசந்திரா: சென்னை சேப்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. கால்வாயில் படகு ஓடிய காலத்தை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. லாக் என்றால் நீர்ப்பூட்டு.

1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே இக்கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். பின்னர் இது வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் பகுதி, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசிக்கு வேலை தேடி வந்த ஏழைகளின் வியர்வை அதில் கலந்திருக்கிறது. ஆனால் கால்வாய்க்குக் கிடைத்தது கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்!

கால்வாய் வழியில் ஆறுகள் குறுக்கிடுகின்றன. கடல் ஏற்ற இறக்கத்தால் அங்கே நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். கால்வாய்த் தண்ணீர் ஆற்றோடு ஓடிவிடாமல் காப்பது நீர்ப்பூட்டு. இரண்டு கதவுகள், நடுவே ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். மதகு வழியாகத் தண்ணீரை விட்டோ வடித்தோ மட்டத்தைச் சமமாக்கி, முன்கதவைத் திறப்பார்கள்.

ரயில்வே லெவல் கிராசிங்கைப் போலத்தான் இதுவும். கேட் மட்டும் இருந்தால் போதாது, கேட்மேனும் வேண்டும். சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் போனது. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. படகு குறைந்ததும் கவனிப்பும் குறைந்தது; சேறும் சாக்கடையும் சேர்ந்தன. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களும் கால்வாய்க்குள்ளேயே எழுந்தன.

2008-ல் மத்திய அரசு இதை நான்காவது தேசிய நீர்வழியில் சேர்த்தது. ஆனால் அறிவிப்பு சேற்றை அள்ளாது. படகு வராவிட்டாலும் கால்வாய்க்கு வேலை இருக்கிறது. 2004 சுனாமியின்போது பல இடங்களில் கடல் நீரை உள்வாங்கிக் கரையோர மக்களைக் காத்தது இதுவே. மழை வெள்ளம் வடியவும் இதுவே வழி.

நம் பக்கத்திலும் கதை வேறல்ல. சந்தாபுரா ஏரி மாசுபட்டதற்காக, கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவிட்டது. ஆண்டுதோறும் கொஞ்சம் செலவழித்துக் காப்பது மலிவு. கெடவிட்டு மீட்பது மிக அதிகச் செலவு. திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சர்கள், தூர் வாரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கவும் முன்வருவார்களா?