போட்டோவில் ஒளிந்திருக்கும் விலாசம்

செல்போனில் பேத்தியைப் படம் பிடிக்கிறீர்கள். பொக்கைவாய்ச் சிரிப்பு, பின்னால் வெறும் சுவர். எந்த வீடு என்று யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், படத்தோடு சேரும் 'எக்ஸிஃப்' குறிப்பில் உங்கள் வீட்டு அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சில மீட்டர் துல்லியத்தில் பதிவாகிவிடும்.

ஆன்ட்டி வைரஸ் புகழ் ஜான் மெக்கஃபி, 2012-ல் பெலிஸ் போலீஸ் விசாரணைக்குத் தேட, தலைமறைவாக இருந்தார். டிசம்பரில் 'வைஸ்' பத்திரிகை அவருடைய ஐபோன் படம் ஒன்றை வெளியிட்டது. உள்ளேயிருந்த ஜிபிஎஸ் எண்கள் 'ஆசாமி குவாத்தமாலாவில்' என்று போட்டுக்கொடுத்துவிட்டன. கம்ப்யூட்டர் பாதுகாப்பு விற்றவருக்கே இந்தக் கதி. நாம் எம்மாத்திரம்?

'வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாமே' என்பார்கள் கம்பெனிக்காரர்கள். புது போன் வாங்கிய அவசரத்தில், கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று தட்டினோமே, அதுவா சம்மதம்? வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கூடவே போகும். எத்தனை தாத்தாக்களுக்கு இது தெரியும்?

படம் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் 'விலாசமும் போகட்டுமா?' என்று போன்தான் கேட்கவேண்டும். கேட்கும்வரை, வீட்டில் அணைத்துவையுங்கள். ஊட்டி போனால் போட்டுக்கொள்ளுங்கள். பொட்டானிக்கல் கார்டனின் விலாசம் ஊருக்கே தெரியும். பேத்தியின் விலாசம் தெரியவேண்டாம்.