படம் எடுக்க மட்டும் வராதீங்க!



மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் (2022). தீபாவளி லீவுக்கு மதுரையிலிருந்து வந்த சித்தி மகனுக்கு மலை, குடைவரைக் கோயில், பறவை எல்லாம் காட்டினோம். திரும்பும்போது நடவு வயலில் நின்ற எங்கம்மாவை செல்லில் படம் எடுத்தான். அம்மா முகத்தை மறைச்சாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "நீயும் நடுடா" என்று வயலில் இறக்கினேன். பத்து நாற்றிலேயே இடுப்பைப் பிடித்தான். "பெரியம்மாவுக்கு தினமும் இப்படித்தான் வலிக்குமா?" என்றான்.

டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர்கள் போராடின. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மண்ணில் இறங்கியவர்தான் மண்ணுக்காகப் பேசுவார். பிள்ளைகளைக் கூட்டி வாங்க. ஒரு மணி நேரமாவது வயலில் இறக்கி விடுங்க. செய்வோமா?

— 9-ஆம் வகுப்பு மாணவி