எடுத்தது யார், எதற்கு?

வங்கி கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெருவில் யாருக்குப் பாஸ்புக்கில் சந்தேகம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், நான் யாருக்கும் பணம் அனுப்பலையே, இது எப்படிப் போச்சு?"

மே மாதக் கடைசியில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். 436 ரூபாய் போயிருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. என்றோ காட்டிய இடத்தில் போட்ட ஒரு கையெழுத்தால் ஆண்டுதோறும் பிரீமியம் பிடிக்கப்படுகிறது. பூ விற்கும் அம்மா ஒருவர், "யாரோ திருடுறாங்க, நிறுத்திடுங்க சார்" என்றார். 2 லட்ச ரூபாய் காப்பீடு என்று சொன்னதும் பாஸ்புக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தனக்குக் காப்பீடு இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

கல்லூரிப் பிள்ளைகளின் கதை வேறு. ஒரு ரூபாய் கட்டினால் ஒரு வாரம் இலவசம் என்று ஒரு செயலி சொல்லும். அந்த ஒரு ரூபாய்க்காக யுபிஐ பின் எண்ணைப் போடும்போதே, தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே அனுமதியையும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து மாதாமாதம் 299 ரூபாய் கழியும். செயலியை அழித்துவிட்டேனே என்பார்கள். அழித்துப் பயனில்லை, அனுமதி அப்படியே இருக்கும். பணம் அனுப்பும் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்ய வேண்டும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டின்படி, இப்படி ஆட்டோபேயில் கழியும் சந்தாப் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எதற்கு என்பது அதில் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த எஸ்எம்எஸ் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துபோகிறது. கடைசியில் கையில் மிஞ்சுவது பாஸ்புக் வரி. அதிலோ நீளமான எண், பாதியில் வெட்டுப்பட்ட ஆங்கில எழுத்துகள், பல நேரம் விற்றவர் பெயருக்குப் பதிலாக நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர்.

எஸ்எம்எஸ்ஸில் சொல்ல வேண்டிய பெயரையும் காரணத்தையும் பாஸ்புக்கிலும் ஸ்டேட்மென்ட்டிலும் வாடிக்கையாளரின் மொழியில் அச்சிட்டால் என்ன? இடம் போதாது என்பார்கள். ஒரு வரி போதாவிட்டால் இரண்டு வரி எடுத்துக்கொள்ளட்டும்.

வாடிக்கையாளர் கவனமாக இருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரத்து செய்ய முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் யார் மீது புகார் என்று அங்கே கேட்பார்களே? பெயரே தெரியாதவர் என்ன பதில் சொல்வார்?

வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கழிந்தது 20 ரூபாயே ஆனாலும், எடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு.