வேலி போட்டா வளர்ந்தது புடாபெஸ்ட்?

வெளியூர்க்காரர் இங்கே குடியேறக் கூடாது என்று ஓர் ஊராட்சி தீர்மானம் போடலாம். வீடு விற்பனைக்கு வந்தால் வாங்கும் முதல் உரிமை தனக்கே என்று குறுக்கே வரலாம். குடிவருபவரிடம் பணமும் கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் ஹங்கேரியில் இது சட்டம். ‘உள்ளூர் அடையாளப் பாதுகாப்பு’ என்று பெயர். தலைநகர் புடாபெஸ்டைச் சுற்றியுள்ள ஊர்கள் புதியவர்களால் திணறுகின்றன, பள்ளிகளில் இடமில்லை என்றது அப்போதைய வட்டார வளர்ச்சி அமைச்சர் திபோர் நவ்ராச்சிச் தரப்பு. இடமில்லையென்றால் பள்ளி கட்டுங்கள். அதற்கு வக்கில்லாமல் ஆளைத் தடுப்பதற்குப் பெயர் கொள்கையா?

அடையாளம் என்கிறார்களே, எந்த அடையாளம்? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புடாவிலும் பெஸ்டிலும் பாதிப் பேருக்கு மேல் ஜெர்மன் பேசியவர்கள். புடா, பெஸ்ட், ஓபுடா மூன்றும் 1873இல் ஒன்றானபோது மக்கள்தொகை ஏறக்குறைய 3 லட்சம், 1910இல் 8.8 லட்சம். 37 ஆண்டுகளில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அந்த 8.8 லட்சத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறந்தது வேறு ஊர்களில். மாவு ஆலைகளுக்கும் கட்டிட வேலைக்கும் வந்தவர்கள். வடக்கிலிருந்து வந்த ஸ்லோவாக்கியர்கள், யூத வணிகர்கள், நிலமற்ற ஹங்கேரிய விவசாயிகள். அதே 1910 கணக்கெடுப்பில் 85 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஹங்கேரிய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். புடாபெஸ்டை ஹங்கேரிய நகரமாக்கியவர்களே வந்தேறிகள்தான். அன்றைய புடா, பெஸ்ட் நகரசபைகளுக்கு இந்த அதிகாரம் இருந்திருந்தால், புடாபெஸ்ட் இன்றும் டான்யூப் கரையில் ஒரு ஜெர்மன் சிற்றூராகத்தான் இருந்திருக்கும். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயில் 1896இல் அங்கே ஓடியிருக்காது.

சரி, ஆளைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதையாவது தெரிந்துகொண்டார்களா? வெளிநாட்டு நிபுணர் யாரும் வேண்டாம். ஹங்கேரியச் சமூகவியலாளர்கள் இவான் செலேனியும் ஜார்ஜ் கொன்ராடும் 1971லேயே எழுதிவிட்டார்கள். சோஷலிச அரசு தொழிற்சாலைகளைக் கட்டியது. தொழிலாளிக்கு நகரத்தில் வீடு கட்டவில்லை. தலைநகரில் குடியேற நிபந்தனைகள் வேறு. விளைவு, கிராமத்தில் குடும்பம், நகரத்தில் வேலை. வாரமெல்லாம் தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டில், வார இறுதியில் வடகிழக்கு மாவட்டங்களுக்கு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு ரயில் பயணம். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘கறுப்பு ரயில்’. இயக்குநர் பால் ஷிஃபர் 1970இல் அதை ஆவணப்படமாகவே எடுத்தார். பெய்ச், செகெட் நகரங்களை ஆராய்ந்த செலேனி இன்னொன்றும் கண்டார்: மானிய வாடகையில் நல்ல அரசுக் குடியிருப்புகள் மேல்தட்டுக்கே போயின, தொழிலாளி சொந்தக் காசில் வீடு கட்டிக்கொண்டார். கட்டுப்பாட்டின் பலனை யார் அனுபவிப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த, கம்யூனிஸ்டுகளைத் திட்டியே அரசியல் வளர்த்த கட்சி, அவர்களின் மிக மோசமான சரக்கைத் தூசி தட்டி எடுத்திருப்பதுதான் வேடிக்கை. சிறு கிராமங்களில் வீடு வாங்கும் குடும்பங்களுக்கு 2019 முதல் மானியம் கொடுத்ததும் அக்கட்சியின் அரசுதான். ஒரு கையால் போ என்றது, மறுகையால் கதவைச் சாத்தியது. சாத்தப்படும் கதவு யாருக்கு என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ரோமா மக்களும் ஏழைகளும்தான் குறி என்று விமர்சகர்கள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். ‘அடையாளம்’ என்ற சொல்லைக் கேட்டதும் எவருக்கும் அது புரிந்திருக்கும்.

1980இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த புடாபெஸ்ட், 2022 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சுருங்கிக்கொண்டிருக்கும் நாட்டுக்குத் தேவை ஆட்கள். இந்தச் சட்டத்தைத் திருத்திப் பயனில்லை. முழுதாக ரத்து செய்ய வேண்டும்.