ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ஏ. லலிதா பொறியியல் படிக்க முடிவு செய்ததற்குக் காரணம் அவருடைய கைக்குழந்தை. 15 வயதில் கல்யாணம்; 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். அப்போது மகளுக்கு நான்கே மாதம். மேலே படித்தாக வேண்டும். படிக்க வந்த பெண்களுக்கு அன்று திறந்திருந்த பெரிய வாசல் மருத்துவம். ஆனால் டாக்டரானால் நடுராத்திரியில் கூப்பிடுவார்கள், பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டும். காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்புகிற உத்தியோகம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1943-இல் மின்பொறியியல் பட்டம். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மனவுறுதியைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். உறுதி இருந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே வேறு சிலதும் இருந்தன. அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் கேட்டவர் அவர்தான். லலிதா விடுதியில் தங்கிப் படித்தபோது குழந்தையை உறவினர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி முடித்து, சிம்லாவில் வேலை கிடைத்தபோது சகோதரர் ஒருவரின் வீடு இருந்தது. கல்கத்தாவுக்கு மாறியபோது இன்னொரு சகோதரரின் வீடு. பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளில் அவர் பங்கெடுத்ததற்கும், 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனதற்கும் பின்னால் அந்த வீடுகள் இருக்கின்றன. திறமை அவருடையது. நேரத்தைக் கொடுத்தது குடும்பம்.

இன்று கல்லூரிக்குத் திரும்பும் அம்மாக்களுக்கு அப்படியொரு ஏற்பாடு வாய்ப்பது அபூர்வம். இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணமாகி, நான்கு அரியரோடு நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர்கள், குரூப் 2 எழுதுவதற்கு ஒரு பட்டம் கையில் வேண்டும் என்று வருகிறார்கள். பதவி உயர்வுக்காக பி.ஏ.வும் பி.எட்.டும் படிக்கிற இடைநிலை ஆசிரியைகள் உண்டு. யாரும் வேலையை விட முடியாது. அதனால் இவர்களுக்கு வழிவிட்டது பெரும்பாலும் அஞ்சல்வழிப் படிப்புதான்: மதுரை, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்கள், 1985-இல் வந்த இக்னோ, 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோவில் மூன்று வருடப் பட்டப்படிப்பை ஆறு வருடம் வரை இழுக்கலாம். இரண்டாவது பிரசவம், கணவருக்கு வெளியூர் மாற்றல், மாமனாருக்கு ஆபரேஷன் என்று எது வந்தாலும் பெயரை நீக்கிவிட மாட்டார்கள். பெண்களின் வாழ்க்கையை அறிந்து போட்ட விதி என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

அஞ்சல்வழியில் படிக்கிறவர்கள் நேரில் வந்து உட்காரும் தொடர்பு வகுப்பு நடப்பது சனி, ஞாயிறு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி என்றுதான் அப்படி வைத்தார்கள். வீட்டுக் கணக்கில் பார்த்தால், வாரத்திலேயே வேலை அதிகமான நாள் ஞாயிறு. ஒரு வாரத் துணி, ஒரு வாரத்துக்கான மாவு, மத்தியானம் கறிக்குழம்பு, சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளி. அத்தனையையும் பத்து மணிக்குள் முடித்துவிட்டு வருகிறவர்தான் இரண்டாவது பஸ்ஸைப் பிடித்து, பாதி வகுப்பில் கதவருகே நின்று "சார், வரலாமா?" என்று கேட்கிறார். பின் பெஞ்சைப் பார்த்தால் தெரியும். ஐந்து வயதுப் பையன் சத்தத்தை அணைத்த செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பான். சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருக்கும்போது அம்மாவின் முழங்கையை இழுத்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்பான். அவர் நோட்டை மூடாமலே எழுந்து போவார். திரும்பி வரும்போது பாடம் இரண்டு பக்கம் தாண்டியிருக்கும்.

பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அங்கன்வாடியும் விடுமுறை. குழந்தையை விட இடமே இல்லாத நாளில்தான் தாய்க்கு வகுப்பு வைத்திருக்கிறோம்.

தேர்வு வேறு மாதிரிச் சோதனை. இக்னோவின் டிசம்பர் தேர்வும் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். யார் படிப்பது, யார் படிக்கவைப்பது? பத்து வருடமாகக் கையெழுத்துக்கும் மளிகைச் சிட்டைக்கும் மட்டுமே பேனா பிடித்தவருக்கு, மூன்று மணி நேரப் பரீட்சையில் முதல் மணி முடிவதற்குள் கட்டைவிரல் மரத்துவிடும். பாடம் தெரியும், கை ஓடாது. இதற்காகவே இரவில் தினம் நான்கு பக்கம் எழுதிப் பழகுகிறவர்கள் உண்டு.

அந்த நான்கு பக்கத்துக்கான நேரம் எங்கிருந்து வருகிறது? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் வருட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், எடுக்கிறார்கள்.

கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கிறவர்கள் நிலை இன்னும் இறுக்கம், ஏனென்றால் அங்கே 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். எம்.பில்., பி.எச்டி. படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம் என்று யு.ஜி.சி. 2016-இல் விதி செய்தது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் விடுப்பும் வருகைப்பதிவுச் சலுகையும் தர விதிகள் வகுக்கும்படி 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2023 மே மாதம், எம்.எட். மாணவி ஒருவர் தொடர்ந்த வழக்கில், படிப்பா பிள்ளையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்ற கருத்தில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் இதெல்லாம் பெரும்பாலும் பிரசவத்தை மனதில் வைத்துச் செய்தவை. நான்கு வயதில் அம்மை போடுகிற குழந்தைக்கு, செமஸ்டர் நடுவில் மூன்று நாள் காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு இளநிலை மாணவியின் வருகைப்பதிவேட்டில் இடம் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டமும் ஊழியர்களுக்கானது. மாணவியைப் பற்றி அதில் பேச்சில்லை.

தமிழ்நாட்டில் உருப்படியாக நடந்தவையும் உண்டு. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஞாயிறு வகுப்புக்குப் போகிறவருக்கு அது கையில் கிடைத்த காசு. 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அஞ்சல்வழியில் படித்தால் அது கிடையாது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக முடியாமல் முப்பதில் வருகிறவருக்கு அநேகமாக இருக்கும் ஒரே வழி அஞ்சல்வழிதான் என்பதை நினைத்தால், அரசு இதை மறுபடி யோசிக்க வேண்டும்.

ஸ்டடி சென்டர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். வகுப்பு நடக்கும் கட்டடத்திலேயே பாய் விரித்த ஒரு அறை, பார்த்துக்கொள்ள ஒரு ஆயா, குழந்தைகளுக்கு மத்தியானச் சோறு. கல்லூரிக்குப் பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால், ஊழியருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து அதையே திறந்து வைக்கலாம். எல்லா ஞாயிறும் வேண்டியதில்லை, தொடர்பு வகுப்பு உள்ள ஞாயிறுகள் மட்டும் போதும்.